தேர்ந்தெடுக்காத தோழர்கள்

1529ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். பாரிஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாந்த் பார்ப் கல்லூரியில் ஓர் அறைக்கு மூன்றாவது ஆளாக ஒரு மாணவர் வந்து சேர்ந்தார். வயது முப்பத்தெட்டு இருக்கும். காலை விந்தி விந்தி நடந்தார். அறையில் முன்பே இருந்த இருவருக்கும் வயது இருபத்துமூன்று. இருவரும் 1506 ஏப்ரலில், ஆறு நாள் இடைவெளியில் பிறந்தவர்கள். ஒருவர் பியர் ஃபாவ்ர், சவோய் மலைநாட்டில் ஆடு மேய்த்து வளர்ந்த குடியானவர் வீட்டுப் பிள்ளை. மற்றவர் நவார் நாட்டில் கோட்டை வீட்டில் பிறந்த பிரான்சிஸ் சவேரியார். புதிதாக வந்தவர் இஞ்ஞாசியார்.

இந்த மூவரும் ஒரே அறையில் படுத்து, ஒரே மேசையில் உண்டு, ஒரே ஆசிரியரிடம் அரிஸ்டாட்டில் படித்தார்கள். இவர்கள் பிற்பாடு தோழர்களோடு தொடங்கியதுதான் சேசு சபை. இன்று அமெரிக்காவில் அந்தச் சபையார் நடத்தும் பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவர்களை ஒரே தளத்தில் தங்கவைத்து, ஒரே வகுப்பில் உட்காரவைத்துப் பாடம் நடத்தும் முறை பரவியிருக்கிறது. அங்கே அதை லிவிங் லேர்னிங் கம்யூனிட்டி என்கிறார்கள். புதிய கண்டுபிடிப்புப் போலத்தான் பேசுகிறார்கள். வரலாறு சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவன் என்ற முறையில், அதன் வேர் எங்கே இருக்கிறது, வழியில் அது எங்கெங்கே பட்டுப்போனது என்று எழுதிவைக்க நினைக்கிறேன். எனக்கு இதில் சொந்த அக்கறையும் உண்டு. நான் மணப்பாட்டுக்காரன். எங்கள் ஊர்க் கடற்கரைக் குகையில் சவேரியார் தங்கியிருந்தார் என்று கேட்டு வளர்ந்தவன். அவரை அந்தக் குகைக்குக் கொண்டுவந்து சேர்த்த பாதை அந்தப் பாரிஸ் அறையிலிருந்துதான் புறப்படுகிறது.

தொலைவில் தங்கியவரின் கதை

இஞ்ஞாசியார் நேராக அந்த அறைக்கு வரவில்லை. 1528 பிப்ரவரியில் அவர் பாரிசுக்கு நடந்தே வந்து சேர்ந்தார். முதலில் தன் கையிலிருந்த பணத்தைக் கூடத் தங்கியிருந்த ஸ்பானியர் ஒருவரிடம் பத்திரமாக வைக்கச் சொல்லிக் கொடுத்தார். அந்த ஆள் அதைச் செலவழித்துவிட்டார். வாடகை கொடுக்க வழியில்லாமல் இஞ்ஞாசியார் சாந்த் ழாக் என்ற யாத்திரிகர் சத்திரத்துக்குப் போனார். படித்ததோ மோந்தேகு கல்லூரியில். சத்திரத்துக்கும் கல்லூரிக்கும் நல்ல தூரம். சத்திரக் கதவு பொழுது விடிந்த பிறகுதான் திறக்கும், இருட்டுவதற்குள் அடைத்துவிடுவார்கள். பாரிஸ் கல்லூரிகளிலோ விடியுமுன்பே முதல் பாடம் தொடங்கிவிடும். காலைப் பாடமும் போயிற்று, மாலைப் பயிற்சியும் போயிற்று. பிச்சை எடுத்துச் சாப்பிட வேண்டியிருந்ததால் பகலும் போயிற்று.

விடுமுறைகளில் ஃப்ளாண்டர்ஸ் பக்கம் போய், அங்கிருந்த ஸ்பானிய வணிகர்களிடம் உதவி கேட்டார். பிற்பாடு ஒருமுறை லண்டன் வரையும் போனார். அப்படிச் சேர்த்த பணத்தில்தான் சாந்த் பார்ப் கல்லூரியில் உணவுக்கும் அறைக்கும் கட்டி உள்ளே சேரவும் தொடர்ந்து தங்கவும் முடிந்தது. அக்காலப் பாரிசில் மாணவர்கள் பல தரமாக இருந்தார்கள். நன்கொடையில் படித்தவர்கள், பணம் கட்டித் தங்கியவர்கள், தங்களுக்கெனத் தனி அறையும் வேலைக்காரனும் வைத்துக்கொண்ட செல்வர்கள், வெளியே எங்கோ தங்கி வகுப்புக்கு மட்டும் வந்துபோனவர்கள். வெளியே தங்குவோனின் கஷ்டம் என்ன என்பதை இஞ்ஞாசியார் உடம்பால் அறிந்தவர். படிப்பு வகுப்பறையில் மட்டும் நடப்பதில்லை என்பது அவருக்குப் பசியோடு கிடைத்த பாடம்.

சாந்த் பார்ப் 1460இல் தொடங்கிய கல்லூரி. இஞ்ஞாசியார் காலத்தில் தியோகோ தெ கூவேயா என்ற போர்த்துகீசியர் அதன் தலைவர். போர்த்துகல் மன்னர் மூன்றாம் ஜான் தம் நாட்டு மாணவர்கள் அங்கே படிக்க உதவித்தொகை கொடுத்துவந்தார். அதனால் அந்த வீட்டுக்குள் பிரெஞ்சும் போர்த்துகீசும் ஸ்பானியமும் கலந்து ஒலித்தன. பாடமொழி மட்டும் எல்லோருக்கும் லத்தீன். மூவருக்கும் ஆசிரியர் ஹுவான் தெ லா பெனியா. புதிதாக வந்த முதியவருக்கு அரிஸ்டாட்டிலைத் திரும்பச் சொல்லிக்கொடுக்கும் வேலையை அவர் ஃபாவ்ரிடம் ஒப்படைத்தார். பதினைந்து வயது இளையவர் ஆசான் ஆனார். இரவில் ஃபாவ்ர் தன் மனக்கலக்கங்களைச் சொல்ல, முதியவர் வழிகாட்டினார். யார் யாருக்குக் கற்பித்தார்கள் என்று கோடு போட்டுப் பிரிக்க முடியாத நிலை அது. அறையும் மேசையும் பணப்பையும் பொதுவாக இருந்த அந்தக் காலத்தை ஃபாவ்ர் பிற்பாடு தன் நினைவுக் குறிப்புகளில் நன்றியோடு எழுதியிருக்கிறார்.

சவேரியாருக்கும் இஞ்ஞாசியாருக்கும் இடையில் இருந்தது வேறு கதை. 1512இல் காஸ்தீல் படைகள் நவாரைப் பிடித்தன. 1516இல் சவேரியாரின் குடும்பக் கோட்டையை இடித்தார்கள். அவருக்கு அப்போது பத்து வயது. 1521இல் நவாரை மீட்க எழுந்த படையில் அவருடைய அண்ணன்மார் இருவரும் சேர்ந்துகொண்டார்கள். அந்தப் போரில், பாம்ப்லோனா கோட்டையைக் காஸ்தீலின் சார்பில் காத்து நின்றவர்களில் ஒருவர் இஞ்ஞாசியார். அங்கேதான் பீரங்கிக் குண்டு அவருடைய காலை முறித்தது. அதாவது, அண்ணன்மார் எந்தப் பக்கத்தை எதிர்த்துப் போரிட்டார்களோ அந்தப் பக்கத்து வீரர் எட்டு ஆண்டு கழித்துத் தம்பியின் அறைக்குள் வந்து படுக்கை விரித்தார். சவேரியார் லேசில் இணங்கவில்லை. ஃபாவ்ர் முதலில் நண்பரானார். சவேரியார் மனம் மாறக் கிட்டத்தட்ட நான்கு ஆண்டு ஆயிற்று.

அந்த நான்கு ஆண்டுகளைத்தான் நான் முக்கியமாக எண்ணுகிறேன். ஒரே மேசையில் தினமும் உட்கார வேண்டிய கட்டாயம் இல்லாமல் போயிருந்தால் அந்த இருவரும் தெருவில் பார்த்தும் பாராமல் போயிருப்பார்கள்.

1534 ஆகஸ்ட் 15 அன்று மோன்மார்த்தர் குன்றில் ஏழு பேர் சேர்ந்து நேர்ச்சை எடுத்துக்கொண்டார்கள். அந்த மூவருடன் சிமோன் ரொட்ரீகஸ், தியேகோ லாயினெஸ், அல்ஃபோன்சோ சல்மெரோன், நிக்கோலாஸ் போபடில்லா. போர்த்துகீசிய மன்னரின் உதவித்தொகையில் படித்தவர் ரொட்ரீகஸ். லாயினெசின் முன்னோர் யூதராய் இருந்து மதம் மாறியவர்கள். ஸ்பெயினில் அப்போது யூத ரத்தம் என்றாலே பல கதவுகள் அடைபட்டுவிடும். இந்தக் குழுவில் அது தடையாகவில்லை. இஞ்ஞாசியாருக்குப் பின் சபையின் இரண்டாவது தலைவராகவே அவர் வந்தார். 1540இல் போப் மூன்றாம் பவுல் சேசு சபைக்கு ஒப்புதல் தந்தார். மாணவர் அறை ஒன்றில் முளைத்த நட்பு உலகளாவிய சபையானது.

முத்துக்குளித்துறையிலிருந்து ஒரு கடிதம்

1542இல் சவேரியார் கோவாவில் இறங்கினார். அதே ஆண்டிலேயே எங்கள் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தமிழ் தெரியாது. உதவிக்கு ஆள் வைத்து ஜெபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்து, மணியடித்துக்கொண்டே தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி, திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். கற்ற பிள்ளைகள் வீட்டில் தாய்தகப்பனுக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். பாரிசில் கேட்ட பாடத்தை மாலையில் உடன் மாணவர்களோடு திரும்பச் சொல்லிப் பழகியவர், அந்தப் பழக்கத்தைப் பரதவர் குடியிருப்புகளிலும் கையாண்டார்.

1544 ஜனவரியில் அவர் கொச்சியிலிருந்து ரோமில் இருந்த சபைத் தோழர்களுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு ஏக்கம் இருக்கிறது. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்கு, குறிப்பாகப் பாரிசுக்கு, திரும்பிப் போய்ப் பைத்தியக்காரனைப் போலக் கூவ வேண்டும், கற்ற கல்வியைப் பிறருக்குப் பயன்படுத்தாமல் வைத்திருக்கிறவர்களை உலுக்க வேண்டும் என்று அடிக்கடித் தோன்றுகிறது என்பது அதன் சாரம். இரண்டு ஆண்டுக்குப் பின் மொலுக்கஸ் தீவுகளிலிருந்து எழுதும்போது, தோழர்கள் கடிதங்களில் கைப்படப் போட்ட பெயர்களை வெட்டியெடுத்துத் தன்னோடு சுமந்து திரிவதாகச் சொல்கிறார். அவர் 1552இல் சீனக் கரைக்கு அருகே ஒரு தீவில் இறந்தார். ஃபாவ்ரையும் இஞ்ஞாசியாரையும் 1540க்குப் பின் அவர் பார்க்கவே முடியவில்லை. அறை கலைந்தது, அறைத்தோழமை கலையவில்லை.

மெசினாவுக்குப் போன பத்துப் பேர்

சேசு சபை தொடங்கியபோது பள்ளி நடத்தும் எண்ணம் அதற்கு இல்லை. ஊர் ஊராகப் போகத் தயாராக இருக்கும் துறவிகள் ஓரிடத்தில் கட்டுண்டு கிடக்கக் கூடாது என்றுதான் நினைத்தார்கள். சிசிலித் தீவின் மெசினா நகரத்தார் தம் பிள்ளைகளுக்குக் கல்லூரி வேண்டும் என்று கேட்டார்கள். சிசிலியின் ஆளுநர் ஹுவான் தெ வேகா பரிந்து பேசினார். வீடும் சாப்பாடும் நகரம் கொடுக்கும், பாடம் இலவசமாக நடக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 1548இல் ஹெரோனிமோ நதால் தலைமையில் பத்துப் பேர் போனார்கள். பீட்டர் கனிசியஸ் அவர்களில் ஒருவர். பத்துப் பேரும் பல நாட்டவர். தங்களுக்குத் தெரிந்த நல்ல முறை பாரிஸ் முறையே என்று அதையே அங்கே நட்டார்கள். வகுப்புகளைத் தரம் பிரித்தார்கள். ஒரு படி முடியாமல் அடுத்த படிக்கு விடவில்லை. கேட்டதைத் திரும்பச் சொல்லுதல், எழுதிக் காட்டுதல், எதிரெதிர் நின்று வாதாடுதல் எல்லாம் அன்றாட வேலையாயின.

1551இல் ரோமில் கல்லூரி திறந்தபோது, இலக்கணமும் இலக்கியமும் மறைக்கல்வியும் இலவசம் என்று வாசலில் பலகை தொங்கியது. இஞ்ஞாசியார் 1556இல் இறந்தபோது கல்லூரிகள் முப்பதைத் தாண்டிவிட்டன. 1599இல் இறுதி வடிவம் பெற்ற ரேசியோ ஸ்டுடியோரம் என்ற கல்வித் திட்டம் பல நாட்டுக் கல்லூரிகளுக்கும் பொதுவானது. அந்தத் திட்டத்தில் வகுப்பைச் சிறு அணிகளாகப் பிரிக்கும் ஏற்பாடு உண்டு. ஒவ்வோர் அணிக்கும் மாணவரிலிருந்தே ஒரு தலைவர். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளையைப் போல அவர் மற்றவர்களின் மனப்பாடத்தைக் கேட்டு ஆசிரியரிடம் சொல்வார். 1563இல் ழான் லூனிஸ் என்ற இளம் சேசு சபை ஆசிரியர் ரோம் கல்லூரி மாணவர்களைச் சிறு குழுவாகக் கூட்டி, வகுப்புக்கு வெளியே ஜெபத்துக்கும் நற்பணிக்குமாக ஒரு மாதா சபையைத் தொடங்கினார். பெரிய கல்லூரிக்குள் சிறிய கூட்டம், அதற்கு மூத்த மாணவர் தலைவர், அருகில் ஓர் ஆசிரியர். இன்றைய முதலாண்டுக் குழுக்களின் எலும்புக்கூடு அப்போதே உருவாகிவிட்டது.

அறையை மறந்த காலம்

ஆனால் அதே சபை தன் பிறப்பறையின் பாடத்தை மறந்தும் போனது. இதைச் சொல்லாமல் வரலாறு முழுமையாகாது.

தங்கும் விடுதிகளை நடத்த முதலில் தயங்கியவர்கள் போகப் போகப் பிரபுக்களின் பிள்ளைகளுக்கென்றே தனி விடுதிகள் நடத்தினார்கள். பாரிசில் லூயி லெ க்ராந் என்று பிற்பாடு பெயர் பெற்ற கல்லூரியில் வால்டேர் 1704 முதல் 1711 வரை படித்தார். அங்கே பாடத்துக்குக் கட்டணமில்லை. தங்குவதற்குக் கட்டணம் உண்டு. பணம் படைத்த வீட்டுப் பையன் தன் வேலைக்காரனோடு தனி அறையில் இருந்தான், மற்றவர்கள் ஒரு கண்காணிப்பாளரின் கீழே சேர்ந்து படுத்தார்கள். வகுப்பில் ஒரே பெஞ்சு, படுக்கையில் வேறு வேறு உலகம்.

அதைவிடக் கொடியது 1593இல் நடந்தது. சபையின் ஐந்தாவது பொதுப்பேரவை யூத வம்சாவளியினரைச் சபையில் சேர்க்கத் தடை போட்டது. மோன்மார்த்தர் குன்றில் நின்ற எழுவரில் ஒருவரான லாயினெசையே அந்தத் தடை வெளியே நிறுத்தியிருக்கும். 1946இல்தான் அது முழுதாக நீங்கியது. எங்கள் பக்கத்திலும் இதே நோய் வேறு உருவில் இருந்தது. வடக்கன்குளத்தில் ஒரே கோயிலுக்குள் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இடிபடவில்லை.

அமெரிக்காவில் இன்னொன்று. 1789இல் நிறுவப்பட்ட ஜார்ஜ்டவுன் அந்த நாட்டின் முதல் கத்தோலிக்கக் கல்லூரி. மேரிலாந்து சேசு சபையார் அடிமைகளை வைத்துத் தோட்டங்கள் நடத்தினார்கள். 1838இல் தாமஸ் மலெடி என்ற சபை மாகாணத் தலைவர் 272 அடிமைகளை லூசியானாவுக்கு 1,15,000 டாலருக்கு விற்க ஏற்பாடு செய்தார். அந்தப் பணத்தின் ஒரு பகுதி கல்லூரியின் கடனை அடைத்தது. 2015இல் பழைய துறவியர் இல்லம் ஒன்றைப் புதுப்பித்து மாணவர் விடுதியாக்கியபோது, அதன் ஒரு பகுதிக்கு மலெடியின் பெயரே இருந்தது. மாணவர்கள் பல்கலைக்கழகத் தலைவரின் அலுவலக வாசலில் உட்கார்ந்து போராடினார்கள். 2017இல் அந்த விடுதிக்கு ஐசக் ஹாக்கின்ஸ் என்று பெயர் வைத்தார்கள். விற்பனைப் பத்திரத்தில் முதலில் எழுதப்பட்ட அடிமையின் பெயர் அது. சேர்ந்து தங்கிப் படிப்பதைப் பற்றி எழுதும் யாரும், அந்தக் கூரை யாருடைய முதுகில் நின்றது என்று கேட்டாக வேண்டும். அந்தக் கேள்வியை அங்கே படித்த பிள்ளைகளே எழுப்பினார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

அமெரிக்காவில் மறுபடி முளைத்தது

அமெரிக்க நகரங்களில் இருந்த சேசு சபைக் கல்லூரிகள் பல ஆண்டுகள் பெரும்பாலும் விடுதியில்லாக் கல்லூரிகள். அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்து குடியேறிய கத்தோலிக்கரின் பையன்கள் வீட்டிலிருந்து டிராமில் வந்து, படித்துவிட்டு, வேலைக்குப் போனார்கள். பால்டிமோர் லொயோலாவும் அப்படித்தான். 1852இல் ஜான் எர்லி உட்பட ஒன்பது சேசு சபையார் தொடங்கிய கல்லூரி அது. 1920களின் தொடக்கத்தில் நகரின் வடக்கே எவர்கிரீன் என்ற வளாகத்துக்கு நகர்ந்தது. 1971இல் மவுன்ட் செயின்ட் ஆக்னெஸ் என்ற பெண்கள் கல்லூரியோடு இணைந்து பெண்களைச் சேர்த்தது. 2009இல் லொயோலா மேரிலாந்து பல்கலைக்கழகம் ஆனது. விடுதிகள் பெருகியபோது ஒரு சிக்கல் வந்தது. வகுப்பு ஒரு பக்கம், விடுதி ஒரு பக்கம் என்று மாணவரின் நாள் இரண்டாகப் பிளந்தது. பகலில் அறிவு, இரவில் கூத்து என்று ஆகிவிட்டது.

இந்தப் பிளவை ஒட்டவைக்கும் முயற்சி சேசு சபைக்கு வெளியேதான் முதலில் நடந்தது. 1927இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் மைக்கல்ஜான் ஒரு சோதனைக் கல்லூரியைத் தொடங்கினார். ஆடம்ஸ் ஹால் என்ற விடுதியில் மாணவர்கள் தங்கினார்கள், ஆசிரியர்களின் அறைகளும் அங்கேயே. முதலாண்டு முழுவதும் பழைய ஏதென்ஸ் நகரத்தைப் படித்தார்கள், இரண்டாம் ஆண்டு நவீன அமெரிக்காவை. கிமு ஐந்தாம் நூற்றாண்டின் விவாதம் சாப்பாட்டு மேசைக்கும் வந்தது. 1932இல் அது மூடப்பட்டது. பொருளாதார மந்தம் ஒரு காரணம், பல்கலைக்கழகத்துக்குள் இருந்த எதிர்ப்பு இன்னொன்று. அங்கே வெளி மாநில மாணவர்களும் யூத மாணவர்களும் அதிகம் என்று முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். வேற்றாளோடு வாழச் சொல்லும் எந்தக் கல்விக்கும் இந்த முணுமுணுப்பு கூடவே வரும்.

சேசு சபைக்குள்ளும் மாற்றம் நடந்தது. 1973இல் வலென்சியாவில் முன்னாள் மாணவர்களிடம் பேசிய சபைத் தலைவர் பெத்ரோ அருப்பே, பிறருக்காக வாழும் மனிதர்களை உருவாக்காத கல்வி தோற்ற கல்வி என்னும் கருத்தை வைத்தார். 2000 அக்டோபரில் கலிபோர்னியாவின் சாந்தா கிளாரா பல்கலைக்கழகத்தில் பேசிய சபைத் தலைவர் பீட்டர் ஹான்ஸ் கோல்வென்பாக், மனித ஒருமைப்பாடு கருத்துகளால் வருவதைவிட நேரடித் தொடர்பால் வருகிறது என்று விளக்கினார். 1529இன் அறைக்குள் நடந்தது அதுதானே.

இந்த மண்ணில்தான் பால்டிமோரில் 2013இல் மெசினா என்ற பெயரில் முதலாண்டுத் திட்டம் தொடங்கியது. 1548இன் கல்லூரி நினைவாக வைத்த பெயர். முதலில் ஒரு பகுதியினருக்கு, பிறகு சில ஆண்டுகளில் முதலாண்டு மாணவர் எல்லோருக்கும். ஒரு குழுவில் பதினாறு பேரளவு. ஆண்டின் இரு பருவங்களிலும் அதே குழு இரண்டு வேறு துறைப் பாடங்களைச் சேர்ந்து படிக்கும். தத்துவ வகுப்பும் உயிரியல் வகுப்பும் ஒரே கருப்பொருளால் பிணைக்கப்பட்டிருக்கும். ஆசிரியர் இருவர், அலுவலர் ஒருவர், மூத்த மாணவர் ஒருவர் ஒரு குழுவுக்குப் பொறுப்பு. இரு ஆசிரியரில் ஒருவரே மாணவரின் பாடத்தேர்வுக்கும் ஆலோசகர். வாரத்தில் ஒரு மணி நேரம் பாடத்துக்கு அப்பால் கூடுவார்கள். குழுவினர் விடுதியிலும் அருகருகே தங்குவார்கள். நியூயார்க்கின் ஃபோர்டாமில் மன்ரேசா என்றும், செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில் மீக்கா என்றும் இதற்கு உறவான திட்டங்கள் இருந்திருக்கின்றன.

என் பேத்தி ஒருத்தி அந்த மெசினாவில் படித்தாள். சேர்ந்த புதிதில் போனில் புலம்பினாள்.

"தாத்தா, கிளாஸ்ல பாக்குற அதே மூஞ்சிங்கதான் காரிடார்லயும். ஒருத்தியோட சண்டை போட்டா எங்கயும் ஓட முடியல."

"ஓட வேண்டாம்மா. உக்காந்து பேசு" என்றேன். வேறு என்ன சொல்ல? அவளைப் பார்க்கப் போனபோது, சார்லஸ் ஸ்ட்ரீட்டின் மேலே விடுதிப் பக்கத்தையும் வகுப்புப் பக்கத்தையும் இணைக்கும் நடைபாலத்தில் கூட்டிக்கொண்டு நடந்தாள். வகுப்பு முடிந்து வந்த பிள்ளைகள் பாதி வாதத்தோடு பாலம் ஏறி, மீதி வாதத்தோடு விடுதிக்குள் போனார்கள். எனக்கு அங்கே பார்க்கத் தகுந்த காட்சி வேறு தேவைப்படவில்லை.

பட்டியலை யார் போடுவது

1970களில் நான் புகுமுக வகுப்புச் சேர்ந்தபோது, சேசு சபையார் நடத்திய கல்லூரி விடுதி ஒன்றில் தங்கினேன். அறைக்கு நாலு பேர். கடற்கரையான் நான். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டுப் பையன் ஒருவன், நாஞ்சில் நாட்டான் ஒருவன், ராமநாதபுரத்துக்காரன் ஒருவன். ஊரில் ஒருவன் வீட்டுத் திண்ணையில் இன்னொருவன் உட்கார முடியாத சாதிகள் அந்த அறைக்குள் இருந்தன. அறைப் பட்டியலை வார்டன் ஃபாதர் தாமே எழுதி ஒட்டுவார். எங்கள் ஊர்ப் பையனோடு சேர்த்துப் போடச் சொல்லி அவரிடம் போய் நின்றேன்.

"ஊர்க்காரன ஊருக்குப் போய்ப் பாத்துக்கலே. இங்க இவனுகளோட இரு" என்றார். பேச்சு முடிந்தது.

முதல் மாதம் நாலு பேரும் நாலு சுவரைப் பார்த்துப் படுத்தோம். பிறகு நாஞ்சில் நாட்டான் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தான். நான் அவனுக்கு ஆங்கிலக் கட்டுரை திருத்தினேன். கரிசல்காட்டானுக்கு அவன் வீட்டிலிருந்து கருப்பட்டி வரும், எனக்கு எங்கம்மா கருவாடு கொடுத்துவிடுவாள். ராமநாதபுரத்தான் தகப்பனார் இறந்தபோது மூன்று பேரும் அவன் ஊருக்குப் போனோம். தெருவில் எங்களை நிறுத்தி, யார் எவர் என்று விசாரித்தார்கள். அவன் வெளியே வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனான். பிற்பாடு வகுப்பில் நான் சமூக வரலாறு நடத்திய ஆண்டுகளிலெல்லாம் அந்த ஒரு கைப்பிடியின் பலத்தில்தான் நடத்தினேன்.

இதனால்தான் இன்றைய போக்கு ஒன்று எனக்குக் கவலை தருகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் புதிய மாணவர்கள் சேருமுன்பே வலைத்தளத்தில் ஒருவரை ஒருவர் தேடி, ரசனையும் வசதியும் ஒத்துப்போகிறவரை அறைத்தோழராக எடுத்துக்கொள்கிறார்கள். எந்தக் குழுவில் சேருவது என்பதும் விருப்பப் பட்டியலில் ஒரு வரி ஆகிவிட்டது. ஒத்த மனத்தார் கூடி வாழ்வது இனிமைதான். ஆனால் இஞ்ஞாசியாரும் சவேரியாரும் தாங்களாகத் தேர்ந்தெடுத்திருந்தால் ஒரே அறைக்கு வந்திருக்க மாட்டார்கள். 1993இல் வெளிவந்த தன் பெரிய ஆய்வில் அலெக்சாண்டர் ஆஸ்டின் என்ற கல்வியியலாளர், கல்லூரி ஆண்டுகளில் ஒரு மாணவரை அதிகமாக மாற்றுவது உடன் மாணவர்களே என்ற முடிவுக்கு வந்தார். அவ்வளவு பலமுள்ள ஒன்றைச் சந்தையின் விருப்பத்துக்கு விட்டுவிடலாமா?

எனவே ஒரு கல்லூரி, எங்களிடம் மாணவர்கள் சேர்ந்து வாழ்ந்து கற்கிறார்கள் என்று சொன்னால் நான் கட்டடத்தைப் பார்க்க மாட்டேன். அறைப் பட்டியலை யார் போடுகிறார் என்று கேட்பேன். சாந்த் பார்ப் கற்றுக்கொடுத்த கேள்வி அது. பணக்காரப் பிள்ளைக்குத் தனி மாடி உண்டா என்று கேட்பேன். லூயி லெ க்ராந் கற்றுக்கொடுத்தது அது. விடுதிக்கு வரும் ஆசிரியரின் நேரத்தை அவருடைய வேலையாகக் கணக்கில் சேர்க்கிறார்களா என்று கேட்பேன், ஏனென்றால் பெனியா போன்ற ஒருவர் பக்கத்தில் இல்லாமல் ஃபாவ்ரும் இஞ்ஞாசியாரும் ஒருவருக்கொருவர் ஆசானாகியிருக்க மாட்டார்கள். கடைசியாக, மெசினாவின் நகரத்தார் கேட்டு வாங்கிய அந்த இலவசம் எங்கே போயிற்று என்று கேட்பேன். அமெரிக்காவின் சேசு சபைப் பல்கலைக்கழகங்களில் இன்று தங்கிப் படிப்பதற்கு ஆகும் செலவு பல குடும்பங்களைக் கடனில் தள்ளுகிறது. உதவித்தொகைகள் உண்டு, அவை போதவில்லை. ஆடு மேய்த்த பிள்ளைக்கு இடம் கிடைக்காத வீட்டில் கோட்டை வீட்டுப் பிள்ளை மட்டும் தனியாகப் படிக்கலாம், பட்டமும் வாங்கலாம். அவனை மாற்றக்கூடிய தோழன் அங்கே இருக்க மாட்டான். அந்தத் தோழனைக் கொண்டுவந்து சேர்ப்பது கல்லூரியின் கடமை. அதைச் செய்கிற கல்லூரிதான் 1529இன் வாரிசு.